8கே டிவி யாருக்கு?

போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயமோ திருவனந்தபுரத்து அடுக்குமாடியோ, டிஷ்ஷில் வரும் சாதாரண எஸ்.டி. சேனல் ஒன்றுதான். அதில் இருப்பவை சுமார் 4 லட்சம் புள்ளிகள். 8கே திரையிலோ 3.3 கோடி! இல்லாத புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகத்துக்குப் போய் லட்சக்கணக்கில் கொட்டுவது வீண்செலவு.

கண்ணுக்கும் எல்லை உண்டு. 55 அங்குலத் திரையை ஒன்பதடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், 4கே புள்ளிகளையே சராசரிக் கண் பிரித்தறியாது. அதற்கு மேல் கூட்டி என்ன பயன்?

ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2018 டிசம்பரிலேயே 8கே சேனல் தொடங்கியது. நம் நாட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை.

கடையில் ஓடும் டெமோ படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டில் தினமும் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லுங்கள். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.