பாறசாலைத் தமிழைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் தொலைக்காட்சி எங்கே?

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையூர்களின் பேச்சுத் தமிழைப் பற்றி எழுதுவோர் ஊடகத் தாக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் இருப்பதில்லை. மலையாளத் தொலைக்காட்சி அவ்வூர்த் தமிழை அரித்துவிட்டது என்பார்கள். அடுத்த பக்கத்திலேயே, சென்னை அலைவரிசைகளின் பொதுத்தமிழ் அதே பேச்சைத் தேய்த்துவிட்டது என்பார்கள். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். எந்த அலைவரிசை, எந்த நிகழ்ச்சி, எந்த ஆண்டு, அதில் எந்தச் சொல் எத்தனை முறை ஒலித்தது என்று கேட்டால் விடை வராது. ஒளிபரப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆய்வாளர் எவரும் அந்த ஒளிபரப்பில் ஒரு மணிநேரத்தைக்கூடக் கைவசம் வைத்திருப்பதில்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாலராமபுரத்துச் சாலியர் தெருவிலும் பாறசாலையை ஒட்டிய சிற்றூர்களிலும் வீட்டுமொழியாகத் தமிழ் நிலைத்தது. அங்குள்ள வழக்கில் ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். இவற்றைக் கேட்டதும் மலையாளக் கலப்பு என்று பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. பறைதல் என்ற வினை தமிழுக்கும் பழஞ்சொத்து. தொலைக்காட்சி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தப் பகுதியில் புழங்கிய சொல்லைத் தொலைக்காட்சியின் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது. எது முன்பே இருந்தது, எது 1985இல் திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு தொடங்கிய பிறகு வந்தது, எது கம்பிவடக் காலத்தில் வந்தது என்று பிரித்தறிய வேண்டுமானால் இரண்டு சான்றுகள் தேவை: மக்களின் பேச்சுப் பதிவு, அவர்கள் கேட்ட ஒளிபரப்பின் பதிவு. முதலாவதற்குக் களப்பணி என்ற பெயரில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக அலைகிறார்கள். இரண்டாவதை யாரும் தேடுவதே இல்லை.

தொலைக்காட்சி மொழியை மாற்றுமா என்பதே தீர்ந்த வினா அன்று. பேச்சுமாற்றம் நேருக்குநேர் பழகுவதால் பரவுகிறது, திரையைப் பார்ப்பதால் அன்று என்பதே சமூகமொழியியலில் நெடுநாள் ஓங்கியிருந்த கருத்து. ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் கிளாஸ்கோ இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்து, லண்டனைக் களமாகக் கொண்ட ஒரு தொடர் நாடகத்தில் ஆழ்ந்த ஈடுபாடும் சில ஒலிமாற்றங்களுக்கு ஒரு காரணியாக இருக்கக்கூடும் என்று 2013இல் காட்டினார்கள். அந்த ‘ஒரு காரணி’ என்ற அடக்கமான முடிவுக்கே அவர்கள் பெருந்தரவு திரட்ட வேண்டியிருந்தது. இங்கே அதைவிடப் பன்மடங்கு பெரிய முடிவு, சான்று ஏதுமின்றி முன்னுரையிலேயே வந்துவிடுகிறது.

சன் தொலைக்காட்சியும் ஏஷியாநெட்டும் 1993 என்ற ஒரே ஆண்டில் தொடங்கின. எல்லையூர் வீடு ஒன்றில் இரண்டு மொழிகளும் ஒரே திரையில் போட்டியிடத் தொடங்கிய காலம் அது. மொழியியலாளருக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வாய்த்திருக்காது. 2000க்குப் பிறகு டியூனர் அட்டை செருகிய கணினிகள் மாணவர் விடுதிகளிலேயே இருந்தன. கம்பியைச் செருகினால் எந்த அலைவரிசையும் வன்தட்டில் பதிவாகும். 2002இல் தொடங்கிய மித்டிவி என்ற இலவச மென்பொருள், குறித்த நேரத்தில் தானே விழித்துப் பதிவுசெய்துவிட்டு உறங்கும். விடுதிகளில் அந்த அட்டைகள் கிரிக்கெட் பார்க்கப் பயன்பட்டன. பிறகு 2011இல் கம்பிவடத் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டது; மறையாக்கம் செய்த எண்முறை ஒளிபரப்பு கட்டாயமாகிக் கட்டங்கட்டமாக நாடெங்கும் பரவியது. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கம்பியில் ஒன்றும் தெரியாது என்றாயிற்று. வாசல் திறந்து கிடந்த அந்தப் பத்தாண்டுகளில் எந்த மொழியியல் துறையாவது ஒரு கணினியை ஒதுக்கி மாலைச் செய்திகளைப் பதிந்து வைத்திருந்தால், இன்றைய ஆய்வேடுகளின் அந்த ஒரு பத்தி ஓர் அதிகாரமாக வளர்ந்திருக்கும்.

இப்போதும் எல்லா வாசலும் அடைபட்டுவிடவில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாகக் கட்டணமின்றி வருகிறது. டிடி தமிழ், டிடி மலையாளம் இரண்டும் அதில் உண்டு. பாறசாலையில் ஒரு வீட்டு மாடியில் சிறிய டிஷ்ஷைக் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயர்த்தி நிறுத்தினால் அலை பிடிபடும். அங்கிருந்து வரும் கம்பியைக் கணினியிலுள்ள செயற்கைக்கோள் டியூனர் அட்டையில் செருகி, லினக்ஸில் டிவிஹெட்எண்டு என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அமைப்பு முடிந்தது. ஒரே அலைவரிசைத் தொகுப்பில் வரும் பல சேனல்களை ஒற்றை அட்டையே ஒருசேரப் பதியும். அதே கணினியில், பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வேறொரு நாளின் நிகழ்ச்சியைப் பார்க்கலாம். நொடிக்கு 3 மெகாபிட் வீதம் வரும் ஒளிபரப்பில் ஒரு மணிநேரம் 1.35 ஜிபி ஆகும். நாளுக்கு நான்கு மணிநேரம் பதிந்தாலும் ஓராண்டுக்கு ஏறத்தாழ 2 டெராபைட்தான். தனியார் சேனல் வேண்டுமென்றால், பழைய செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து யுஎஸ்பி பதிவுக்கருவிக்குக் கம்பி இழுக்கலாம். படத்தின் தரம் குறையும், பேச்சுக்குக் குறைவில்லை. மொழியியலாளருக்கு வேண்டியது பேச்சுதானே. துன்பங்களும் உண்டு: கனமழையில் அலை அறுபடும், இடிக்காலத்தில் மின்சாரம் போகும், நிகழ்ச்சி நிரல் சொன்ன நேரத்தில் நிகழ்ச்சி தொடங்காது. ஆகவே யுபிஎஸ் வேண்டும். முன்னும் பின்னும் பத்து நிமிடம் கூட்டிப் பதிய வேண்டும். மொத்தச் செலவு ஒரு தேசியக் கருத்தரங்கின் பொன்னாடைக்கும் விருந்துக்கும் ஆகும் தொகையைத் தாண்டாது.

சட்டம் தடுக்கிறது என்பது அடுத்த சாக்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பதிபவரின் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமாகவோ செய்யப்படும் ஒலி, ஒளிப்பதிவு ஒளிபரப்பு உரிமையை மீறியதாகாது என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆராய்ச்சி என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் ஆராய்ச்சியாளரைக் காணோம். பதிந்ததை இணையத்தில் பரப்புவது வேறு. அதை எவரும் இங்கே கேட்கவில்லை.

யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பது மூன்றாவது சாக்கு. மூன்றில் இதுவே கேடானது. யூடியூபில் இருப்பது நிறுவனம் வைத்திருக்க விரும்பியது. விளம்பரம் வெட்டப்பட்டிருக்கும், இடைச்செய்தி, அறிவிப்பாளரின் இணைப்புரை, நேயர் தொலைபேசி உரையாடல் போன்றவை பெரும்பாலும் இருக்கமாட்டா. வட்டார வழக்கு திரையில் தலைகாட்டுவது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். ஏற்றியவர் நினைத்தால் நாளையே நீக்கிவிடலாம். தரவு காணாமற்போன ஆய்வை எவரும் சரிபார்க்க முடியாது. உள்ளூர்க் கம்பிவடச் சேனல்களில் வரும் கோவில் திருவிழா ஒளிபரப்பையும் ஊர்க்கூட்டப் பேச்சையும் சேமித்து வைக்க எவருக்கும் கடமையில்லை.

அரசு காப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்கள், ஒளிபரப்பான உள்ளடக்கத்தைச் சேனல்கள் 90 நாள் வைத்திருந்தால் போதும் என்ற விதியை அறிந்துகொள்வது நல்லது. அச்சிடும் நூலின் படியைப் பொது நூலகங்களுக்கு அளிக்க வேண்டும் என்று 1954இலேயே சட்டம் செய்த நாடு இது. ஒளிபரப்புக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. பிரான்சு 1992இல் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டு முதல் தேசிய மாலைச் செய்திகளைப் பதிந்துவருகிறது. அங்கேயே ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் 2012இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலேயே இரவும் பகலும் தொலைக்காட்சியைப் பதிந்து எழுபதாயிரம் நாடா அளவில் விட்டுச்சென்றார். கிரியர்சன் காலத்து இசைத்தட்டுகளில் சென்னை மாகாணத்துத் தமிழர் நூறாண்டுக்கு முன் பேசிய பேச்சை இன்றும் கேட்க முடிகிறது. முப்பதாண்டுக்கு முன் பாறசாலை வீடுகளில் மாலைதோறும் ஒலித்த செய்தியைக் கேட்க முடியவில்லை.

மேற்பார்வையாளர்கள் ஒன்று செய்யலாம். ஊடகத் தாக்கம் என்று எழுதிவரும் மாணவரிடம், எந்த ஒளிபரப்பு, எந்த நாள், பதிவு எங்கே என்று கேட்கலாம். பதிவு இல்லையென்றால் அந்தப் பத்தியை அடித்துவிட்டுத் துறையின் பழைய கணினி ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். பாறசாலையில் மாடி கொடுக்க வீட்டுக்காரர்கள் கிடைப்பார்கள். டிஷ் ஏற்றித் திருப்பித்தர உள்ளூர் மெக்கானிக்குக்கு அரைநாள் போதும்.