யானைக்குத் தண்ணீர் சுமந்தவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

சாரா க்ரூயன் எழுதி 2006ல் வெளிவந்த 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' நாவலைப் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அருமையான காதல் கதை!" என்பார்கள். சர்க்கஸ் கூடாரம், குதிரைமேல் வரும் அழகி, அவளைக் கொடுமைப்படுத்தும் கணவன், காப்பாற்ற வரும் இளைஞன், நடுவில் ஒரு யானை... 2011ல் ஹாலிவுட் படமாக வந்ததும் இந்தக் காதலை நம்பித்தான்.

ஆனால் இந்த நாவலைத் தாங்கி நிற்பது காதல் அல்ல, கொடுக்கப்படாத கூலி. காதலை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தவர்கள் பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

(இன்னும் படிக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கதையின் முடிவும் கீழே வருகிறது.)

சரி, கதைக்கு வருவோம். வருடம் 1931. அமெரிக்காவில் பெருமந்தம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் ஜேக்கப்பின் அப்பாவும் அம்மாவும் விபத்தில் இறந்துபோகிறார்கள். அப்பாவும் கால்நடை மருத்துவர்தான். வைத்தியத்துக்குப் பணம் தர முடியாதவர்களிடம் பீன்ஸும் முட்டையும் வாங்கிக்கொண்டவர். மகனின் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்தவர். இப்போது வீடு வங்கிக்கு! கடைசிப் பரீட்சையில் ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து போகும் ஜேக்கப், இருட்டில் ஒரு ரயிலில் தாவி ஏறுகிறான். அது பென்சினி பிரதர்ஸ் என்ற சர்க்கஸ் கம்பெனியின் ரயில்.

பார்த்தீர்களா? கதாநாயகனைச் சர்க்கஸுக்குத் தள்ளுவது காதல் இல்லை, கடன்.

ஊர் ஊராகப் போகும் சர்க்கஸின் வரவு செலவு விசித்திரமானது. டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் சிங்கத்துக்கு இறைச்சி போட வேண்டும், ரயிலுக்குப் பணம் கட்ட வேண்டும். செலவு தினமும் உண்டு, வரவு ஆட்டம் நடந்தால்தான். மந்த காலத்தில் இதைச் சமாளிக்க முதலாளி அங்கிள் அல் கண்டுபிடித்த வழி, கூலியை நிறுத்தி வைப்பது. வித்தை காட்டும் கலைஞர்களுக்கு எப்படியாவது சம்பளம் வந்துவிடும். கூடாரம் அடிப்பவன், முளை அறைபவன், சாணம் அள்ளுபவனுக்கு வாரக்கணக்கில் ஒன்றும் கிடையாது. சாப்பாட்டுக் கூடாரத்தில்கூட இரு தரப்புக்கும் தனித்தனி இடம்.

நிலுவைக் கூலி கணக்குப் புத்தகத்தில் ஒரு கடன். அதைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பணத்தைக் கொடுப்பது. இன்னொன்று, பணம் கேட்க வேண்டியவனே இல்லாமல் செய்வது! அங்கிள் அல் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான். ராத்திரியில், ஓடும் ரயிலிலிருந்து தொழிலாளிகள் தள்ளிவிடப்படுகிறார்கள். சர்க்கஸ்காரர்கள் பேச்சில் இதற்கு 'ரெட்லைட்டிங்' என்று பெயர். இது நாவலாசிரியரின் கற்பனை அல்ல. அந்தக் காலத்து அமெரிக்க சர்க்கஸ்களில் வழங்கிய சொல், நடந்த கொடுமை. தேசிய அளவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே வந்ததே 1938ல்தான், மணிக்கு 25 சென்ட் என்று. 1931ல் அந்தத் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்?

கேமல் என்ற கிழவரை நினைத்துப் பாருங்கள். ஜேக்கப்புக்கு முதன்முதலில் அங்கே வேலை வாங்கித் தந்தவர். மதுவிலக்குக் காலம் என்பதால் சாராயத்துக்குப் பதிலாக ஜமைக்கா இஞ்சிச் சாறு குடித்து, அதில் கலந்திருந்த நச்சுப்பொருளால் கால் விளங்காமல் போகிறார். 1930ல் நிஜமாகவே ஆயிரக்கணக்கான ஏழைகளை முடக்கிய சாறு அது. வேலை செய்ய முடியாதவருக்கு அந்த ரயிலில் இடமில்லை. ஜேக்கப்பும் கோமாளி வால்டரும் அவரை ஒளித்து வைக்கிறார்கள். கடைசியில் கேமலும் வால்டரும் ரயிலிலிருந்து வீசப்பட்டுச் சாகிறார்கள்.

இதே சர்க்கஸில் ஜேக்கப்புக்கு மட்டும் ஏன் மரியாதை? கார்னெல் என்ற பெயர்! ரிங்லிங் சர்க்கஸுக்கு இணையாகத் தன்னிடமும் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று பெருமை பேச அங்கிள் அல்லுக்கு அவன் தேவை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் சாணம் அள்ளிக்கொண்டே இருந்திருப்பான். மார்லீனாவோடு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கவே முடியாது. காதலுக்கும் அங்கே ஒரு நுழைவுச் சீட்டு வேண்டியிருக்கிறது.

"காதல் கதையில் போய்க் கணக்குப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கலாம். கணக்கைக் கதைக்குள் கொண்டுவந்தது க்ரூயன்தான். உச்சக்கட்டத்தில் மிருகங்களின் கூண்டுகளைத் திறந்துவிடுவது யார்? ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டும் உயிர் பிழைத்துத் திரும்பிய தொழிலாளிகள். ரோஸி என்ற யானை ஆகஸ்டைக் கொல்வது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் களேபரத்தையே உண்டாக்கியவர்கள் கூலி கிடைக்காதவர்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதற்காக நாவலில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மார்லீனாவின் கணவன் ஆகஸ்டின் கொடூரத்துக்கு மனநோயைக் காரணம் காட்டுவது சுலபமான வழி. அங்கிள் அல்லுக்கு எந்த நோயும் சொல்லப்படவில்லையே! அவன் நிதானமாக, கணக்குப் பார்த்துக் கொல்கிறான். அதுதான் அதிகம் பயமுறுத்த வேண்டியது. முடிவில் காதலர்கள் யானையோடும் குதிரைகளோடும் புது வாழ்க்கைக்குப் போகிறார்கள். தொழிலாளிகளுக்கு வரவேண்டிய கூலி என்ன ஆயிற்று என்று கதை அக்கறையோடு திரும்பிப் பார்ப்பதில்லை.

படம் இன்னும் மோசம். அதில் அங்கிள் அல் என்ற பாத்திரமே கிடையாது. ஆகஸ்டே கணவன், ஆகஸ்டே முதலாளி. விளைவு? ஒரு கம்பெனி நடத்தப்படும் முறையே கொடுமையாக இருந்தது என்பது போய், ஒரு கோபக்காரனின் குணக்கேடு என்று ஆகிவிட்டது. கெட்டவன் செத்தான், பிரச்சனை தீர்ந்தது, சுபம்!

புத்தகம் கையில் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். காதல் பக்கங்களையும் ரசித்துப் படியுங்கள், தப்பே இல்லை. ஆனால் கேமல் வரும் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள்.