அடுத்த சீசன்

2024 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவிக்குப் பேசப்பட்ட தொகை 10,50,024 டாலர். நைஜாரி கனடி என்ற அந்தப் பெண் சாஃப்ட்பால் பந்துவீச்சாளர். ஸ்டான்ஃபோர்டில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, அதன் ஆதரவாளர்கள் நடத்தும் நிதி அமைப்பு இந்தத் தொகையைத் தர முன்வந்தது. பத்து லட்சம் ஆட்டத்துக்கு, ஐம்பதாயிரம் வாழ்க்கைச் செலவுக்கு, மிச்சமுள்ள 24 டாலர் அவருடைய சட்டை எண்ணுக்காக. நம் கணக்கில் எட்டரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 15 அன்று, பெங்களூரில் மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஏலம். 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் தொடங்கிய ஒரு பெயரை டெல்லியும் குஜராத்தும் மாறி மாறி ஏற்றின. 1 கோடியே 90 லட்சத்தில் குஜராத் ஜயன்ட்ஸ் அதை எடுத்தது. அன்றைய ஏலத்தில் அதற்கு மேல் எவருக்கும் போகவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் டியாண்ட்ரா டாட்டினுக்கே 1.70 கோடிதான். தமிழ்நாட்டின் பதினாறு வயது ஜி.கமலினியை மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தது. இவர்களுக்கெல்லாம் மேலே நின்றவர் சிம்ரன் ஷேக். அப்போது வயது 22. ஊர், மும்பையின் தாராவி.

சிம்ரனின் தந்தை வயரிங் வேலை செய்பவர். பெரிய குடும்பம். பையன்களோடு சந்தில் ஆடித்தான் சிம்ரன் மட்டையைப் பிடிக்கக் கற்றார். தாராவியின் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கவர் டிரைவுக்கு இடம் கிடையாது. இரண்டு பக்கமும் வீடு, குடம், துணிக்கொடி, நிறுத்தி வைத்த பைக். பந்தை நேராக அடிக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கி அடிக்க வேண்டும். நடுவரிசையில் இறங்கிப் பெரிய ஷாட் ஆடுபவர் என்று சிம்ரனுக்கு இன்று பெயர். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் வளர்ந்த எவரும் சொல்லிவிடுவார்கள். பத்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. பிறகு கிளப் கிரிக்கெட், மும்பையின் 19 வயதுக்குட்பட்டோர் அணி, மும்பை சீனியர் அணி.

2023-இல் லீக்கின் முதல் சீசனிலேயே யுபி வாரியர்ஸ் அவரை 10 லட்சத்துக்கு எடுத்தது. ஒன்பது ஆட்டங்களில் 29 ரன். அடுத்த ஏலத்தில் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது எந்த அணியும் கை தூக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். இருபத்தோரு வயதில், மிகப் பெரிய மேடையில், ஒன்பது ஆட்டம் சரியாக அமையவில்லை. இது எந்த ஆட்டக்காரருக்கும் வரும். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போவார், யாரிடம் பயிற்சி பெறுவார், அடுத்த ஆட்டத்தை எந்த மைதானத்தில் ஆடுவார் என்பதுதான் கேள்வி. தாராவியில் இதற்குப் பதில் அந்தப் பெண்ணின் பிடிவாதத்தையும் அவரைக் கைவிடாத ஒன்றிரண்டு மனிதர்களையும் பொறுத்தது. அரை மணி நடையில் இருக்கும் மாட்டுங்காவிலோ, பையன்களுக்கு இதற்குப் பதில் எப்போதோ எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

ரவி சாஸ்திரியை எடுத்துக்கொள்வோம். மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி 1976-இல் பள்ளிகளுக்கு இடையிலான கைல்ஸ் ஷீல்டு இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது. சாஸ்திரி அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு அவரே கேப்டன், கோப்பை பள்ளிக்கு வந்தது, அதன் வரலாற்றில் முதல் முறையாக. அங்கிருந்து அதே மாட்டுங்காவின் போதார் கல்லூரி. ஜூனியர் காலேஜ் முடிப்பதற்குள் ரஞ்சி அழைப்பு. 1981 பிப்ரவரியில், பதினெட்டு வயதில், வெலிங்டனில் டெஸ்ட். திலீப் வெங்சர்க்கரும் போதார் மாணவர்தான். பக்கத்தில் இருக்கும் ருயா கல்லூரியிலிருந்து வந்தவர் சந்தீப் பாட்டீல். பள்ளிக்குக் கைல்ஸ், ஹாரிஸ் ஷீல்டுகள். பல்கலைக்கழகங்களுக்கு 1935-இலிருந்து ரோஹின்டன் பாரியா கோப்பை. படித்து முடித்தால் கம்பெனி அணிகள் ஆடும் டைம்ஸ் ஷீல்டு, அதோடு ஒரு மாதச் சம்பளம். கவாஸ்கரும் சாஸ்திரியும் நிர்லான் கம்பெனிக்கு ஆடியவர்கள். பம்பாய் பையன் ஒருவன் ஒரு வருடம் சறுக்கினாலும் விழுவதற்கு ஒரு படி கீழே இருந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கி மறுபடி ஏறலாம்.

பெண்களுக்கு அந்தப் படி வெகு தாமதமாகவே வந்தது. இந்தியாவுக்காகப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியது 1976-இல். கிரிக்கெட் வாரியம் அவர்களைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது 2006-இல். இடையில் இருந்த முப்பது வருடத்தை ரயில்வே வேலைகள்தான் பெரும்பாலும் தாங்கிப் பிடித்தன. மும்பையின் டயானா எடுல்ஜி ரயில்வேயில் இருந்துகொண்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர்.

பெண்களுக்கான அந்தப் படியை அமெரிக்கா சட்டமாகவே எழுதியது. 1972 ஜூனில் வந்த ‘டைட்டில் நைன்’, அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினத்தைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்றது. விளையாட்டும் அதில் அடக்கம். பையன்களுக்குப் பேஸ்பால் அணி வைத்திருந்த கல்லூரிகள் பெண்களுக்கும் இடமும் உதவித்தொகையும் தேட வேண்டி வந்தது. அந்த இடத்தில் வளர்ந்த ஆட்டம் சாஃப்ட்பால். 1982 முதல் தேசிய கல்லூரி விளையாட்டு அமைப்பே அதற்குச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசக் கூடாது. கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து விட வேண்டும். 43 அடி தூரத்திலிருந்து வருவதால் மட்டைக்காரருக்கு யோசிக்க நேரமே இருக்காது. ஹவாயின் ஜாஸ்லின் ஆலோ ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக 122 ஹோம் ரன் அடித்துக் கல்லூரி ஆட்டத்தின் சாதனையை மாற்றி எழுதினார். அவருக்குப் பிறகு எல்லோர் கண்ணும் கனடி மீது. கான்சாஸ் மாநிலத்தின் டோபீகாவிலிருந்து வந்தவர், 2024-இன் சிறந்த கல்லூரி வீராங்கனை.

அந்தக் கனடியும் சறுக்கினார். 2025 ஜூன், ஓக்லஹோமா சிட்டி, கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். எதிரணியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரீஸ் அட்வுட்டை வேண்டுமென்றே நடக்கவிட்டு முதல் தளத்தைக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். அதற்காக வெளியே வீச வேண்டிய பந்து கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. அட்வுட் அதை எட்டி அடித்தார், இரண்டு ரன், ஆட்டம் 2-1. மறுநாள் டெக்சாஸ் டெக் 4-3 என்று மீண்டது. மூன்றாவது ஆட்டத்தில், தொடர் முழுக்க வீசிக் களைத்த கனடி முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் விட்டுக்கொடுத்து வெளியேறினார். கோப்பை போனது. ஆனால் அடுத்த சீசனுக்கான ஒப்பந்தம் அதற்குள் பேசி முடிந்திருந்தது. ஒரு தப்பான பந்து அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடிக்கவில்லை. வகுப்பறை, பயிற்சியாளர், மருத்துவர், அடுத்த பிப்ரவரியில் தொடங்கும் ஆட்டங்கள், எல்லாம் அங்கேயே இருந்தன.

இந்தியாவிலும் சாஃப்ட்பால் உண்டு. 1961-இலிருந்து அதற்குச் சங்கம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெண்கள் ஆடுகிறார்கள். படிப்போடு அந்த ஆட்டமும் பலருக்கு முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். தொழில்முறை லீக் ஏதும் காத்திருக்கவில்லை.

சிம்ரனுக்கு அடுத்த சீசனைக் கொடுத்தது மும்பை மாநில அணி. 2024-இன் சீனியர் மகளிர் டி20 கோப்பையில் 11 ஆட்டம், 176 ரன். அந்த ரன்கள்தான் பெங்களூர் ஏலத்தில் அந்தக் கைகளைத் தூக்க வைத்தன. 1.90 கோடி என்ற எண்ணை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆனால் அவருடைய உண்மையான சாதனை, யாரும் வாங்காத ஒரு வருடத்தைக் கடந்து ஆட்டத்தில் நின்றதுதான். அந்த வருடத்தில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்து ஆஸ்திரேலியாவை வீழ்த்திய ஜெமிமா ரோட்ரிக்ஸ் மும்பைப் பெண். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட்டும் சாஃப்ட்பாலும் உண்டு. இனி மட்டை கேட்கும் பெண் குழந்தைகள் தாராவியில் பெருகுவார்கள். அவர்களில் கோடி ரூபாய் ஏலத்துக்குப் போவது ஒருவர், இருவர். மற்றவர்களுக்கும் பதினைந்து வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஆட ஓர் இடம் வேண்டும். மாட்டுங்காவின் கல்லூரிகள் தாராவியை ஒட்டியே இருக்கின்றன. அவை பையன்களுக்குச் செய்ததை இந்தப் பெண்களுக்கும் செய்ய வேண்டும்: விளையாட்டுக்கான இடங்களில் சேர்க்கை, மாலை நேரப் பயிற்சி, கட்டணச் சலுகை. மும்பையின் செம்பூர்க் கல்லூரிகளுக்கும் இதே வேண்டுகோள்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக்கு வழி பத்தாம் வகுப்பைத் தாண்டித்தான். பத்தாம் வகுப்பில் மகள் தவறினால் அன்றைக்கே மட்டையையும் புத்தகத்தையும் சேர்த்து மூட்டை கட்டிவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் துணைத்தேர்வு உண்டு. பள்ளியை விட்டு நின்றவர்கள் 17-ஆம் எண் படிவம் கொடுத்துத் தனித்தேர்வராக எழுதலாம். பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள்.