இரண்டு பூட்டு போட்டால் போதுமா?

ஒரு பூட்டை நம்ப முடியாவிட்டால் இரண்டு பூட்டுப் போடு என்பார்கள். கதவுக்குச் சரி, சங்கேதத்துக்குச் சரிப்படாது!

1977-ல் அமெரிக்க அரசு ஏற்ற கம்ப்யூட்டர் சங்கேத முறை 'டெஸ்'. அதன் சாவி 56 பிட். அதாவது 0, 1 என்ற 56 இலக்கங்கள். இது போதாதென்று டிஃபி, ஹெல்மன் என்ற நிபுணர்கள் அந்த ஆண்டே எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? 1998-ல், இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் செய்த யந்திரம் 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு சாவியால் இரு முறை மறைத்தால்? மூலச் செய்தியும் அதன் சங்கேதமும் இரண்டொரு ஜோடி கிடைத்தால் போதும். திருடன் மூலத்தை எல்லாச் சாவியாலும் மறைத்து விடைகளைக் குறித்துக்கொள்வான். பிறகு சங்கேதத்தை எல்லாச் சாவியாலும் பிரிப்பான். இரண்டும் நடுவில் ஒத்துப்போகும் இடத்தில் குட்டு உடைந்தது! 112 பிட் உழைப்பு 57 பிட்டாகச் சுருங்கும். (அந்தக் குறிப்புகளை வைக்க மலைபோல் இடம் வேண்டும் என்பது வேறு விஷயம்.)

ஆகவே மூன்று முறை மறைத்தார்கள். வங்கிகள் அதைத்தான் நம்பின. குறை சொல்லமாட்டேன், அவசரத்துக்கு உதவிய ஒட்டு அது. ஆனால் 2001-லேயே 128 பிட் சாவியோடு 'ஏ.இ.எஸ்.' வந்துவிட்டதே! அதற்குப் பிறகும் ஒட்டுப்போட்டதையே கட்டி அழுவானேன்? அதைக் கொண்டு புதிதாக எதையும் மறைக்கக்கூடாதென்று அமெரிக்கத் தர நிறுவனம் தடுத்தது 2023 முடிந்த பிறகுதான். 22 ஆண்டுத் தாமதம்!