ரோபோ மேசையைச் சுற்றி நிற்கும் குழந்தைகள் யார்?

பள்ளிக் குழந்தைகளுக்கான ரோபோ போட்டிகள் நம் நாட்டில் வேகமாகப் பெருகி வருகின்றன. 'உலக ரோபோ ஒலிம்பியாட்', 'பர்ஸ்ட் லெகோ லீக்' முதலிய பன்னாட்டுப் போட்டிகளின் இந்தியச் சுற்றுகளுக்கு ஆண்டுதோறும் அணிகள் தயாராகின்றன. 2016ஆம் ஆண்டில் உலக ரோபோ ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியே தலைநகர் தில்லியில் நடத்தப்பட்டது. வெற்றி பெற்ற அணியின் படம் நாளேடுகளில் வெளியாகிறது. நாட்டின் எதிர்காலம் இவர்கள்தாம் என்று எழுதப்படுகிறது. அந்தப் படத்தில் இருக்கும் குழந்தைகளைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால், படத்தில் இடம்பெற வாய்ப்பே இல்லாத கோடிக்கணக்கான குழந்தைகளைப் பற்றிப் பேசும் கடமையும் நமக்கு இருக்கிறது.

இதனைப் பணக்காரப் பள்ளிகளின் விளையாட்டு என்று நம் தோழர்களிலேயே சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இந்தப் பார்வை சரியன்று. அந்த மேசையைச் சுற்றி நடப்பது உயர்ந்த கல்வி. உயர்ந்தது என்பதனாலேயே அது ஒரு சிலருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

அணி எதைக் கற்கிறது?

உலக ரோபோ ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று சிறுவர் சிறுமியர்; லெகோ லீக்கில் பத்துப் பேர் வரை. அச்சிட்ட விரிப்பு பரப்பிய மேசையின்மேல் ரோபோ தானே நகர்ந்து, குறித்த பொருளை எடுத்து, குறித்த இடத்தில் வைக்க வேண்டும். தொலைவிலிருந்து இயக்குவதற்கு அனுமதி இல்லை. லெகோ லீக்கில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்திற்காகக் குழந்தைகள் மாதக்கணக்கில் உழைக்கின்றனர்.

கறுப்புக் கோட்டைப் பின்பற்றிச் செல்லும் எளிய ரோபோவையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் அகச்சிவப்புக் கதிரை உமிழ்ந்து, திரும்பி வரும் ஒளியை அளக்கும் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. வெண்பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கோடு உட்கொள்கிறது. இடது சென்சார் கோட்டின்மேல் ஏறினால் இடது சக்கரம் மெதுவாகச் சுழல வேண்டும். வலது சென்சார் ஏறினால் வலது சக்கரம். தாளில் எழுதும்போது இவ்வளவுதான். ஆனால் காலையில் சரியாக ஓடிய ரோபோ மாலையில் வளைவைத் தவறவிடுகிறது. பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. சக்கரம் அதே நேரத்தில் முன்புபோல் அதே தொலைவு செல்வதில்லை. பயிற்சி அறையில் பிழையின்றி இயங்கியது, போட்டி அரங்கின் விளக்கொளியில் தடுமாறுகிறது. சென்சாரின் அளவைப் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒலிம்பியாடில் போட்டி நாளன்று காலையில் புதிய விதி ஒன்றை அறிவிக்கிறார்கள். பயிற்சியாளரின் துணையின்றிக் குழந்தைகளே அதற்கேற்ப நிரலைத் திருத்த வேண்டும்.

இங்கே மனப்பாடத்திற்கு இடம் இல்லை. கருதுகோளை நடைமுறையில் சோதித்து, பிழைக்கான காரணத்தைத் தேடி, திருத்தி, மறுபடியும் சோதிக்க வேண்டும். நடைமுறையே உண்மைக்கு உரைகல் என்று நாம் அரசியல் வகுப்புகளில் சொல்வதைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் கைகளால் அறிந்துகொள்கிறாள். அதைவிட முக்கியமானது, ஒருவர் கட்டியதற்கு மற்றொருவர் நிரல் எழுத, மூன்றாமவர் நேரம் பார்த்துப் பிழைகளைக் குறித்து வைக்க வேண்டும் என்பது. நிரல் எழுதுபவர், திருகாணி முடுக்குபவரை மதிக்காத அணி மேசையருகே சென்றதும் தோற்றுப்போகிறது. மூளை உழைப்பும் உடலுழைப்பும் ஒன்றையொன்று இழிவாகக் கருத முடியாத இடம் அது. சாதியின் பெயரால் கையுழைப்பை இழித்துரைத்த நம் சமூகத்தில் இது சிறிய பாடம் அன்று.

கல்வியில் அறிவுப் பயிற்சி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றும் இணைய வேண்டும் என்று 1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு எழுதிய குறிப்பில் மார்க்ஸ் வலியுறுத்தினார். சோவியத் நாட்டில் மக்கரென்கோ வழிநடத்திய கார்கோவ் நகரத்துக் கம்யூனில், ஒரு காலத்தில் தெருவில் திரிந்த சிறுவர்கள் மின் துளைக் கருவிகளையும் 'பெட்' கேமராக்களையும் உருவாக்கினார்கள். நுண்கருவி செய்வது மேட்டுக்குடிக் குழந்தைகளின் தனி ஆற்றல் அன்று என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டது.

வாயிலில் தொங்கும் விலைப்பட்டியல்

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? முதல் தடை விலை. பன்னாட்டுப் போட்டிகளில் பெரும்பாலான அணிகள் பயன்படுத்தும் பிராண்ட் பெட்டி ஒன்றின் விலை, கிராமப்புற விவசாயத் தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலிக்குச் சமம். பதிவுக் கட்டணம், போட்டி விரிப்பு, பயிற்சியாளர் ஊதியம், பெருநகருக்குச் சென்று தங்கும் செலவு எல்லாம் தனி.

அந்தப் பெட்டியும் நிலையானது அன்று. குழந்தைகள் கணினியை ஆள வேண்டுமே தவிரக் கணினி குழந்தைகளை ஆளக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தவர் சீமோர் பேப்பர்ட். 1980இல் வெளியான அவருடைய நூலின் பெயரைத்தான் லெகோ நிறுவனம் 1998இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்று தன் ரோபோ பெட்டிக்குச் சூட்டியது. 2022இன் இறுதியில் அதே நிறுவனம் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. முன்பே வாங்கி வைத்திருந்த பள்ளிகள் உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியதுதான். தனியார் நிறுவனம் ஒன்றின் விற்பனைத் திட்டத்தைப் பொதுக்கல்வியின் பாடத்திட்டமாகக் கொண்டால் நேர்வது இதுவே. 2005இல் இத்தாலியில் பிறந்த 'ஆர்டுயினோ' பலகையின் வரைபடமோ எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனை ஒட்டிச் செய்யப்படும் பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாற்று வழி இருக்கிறது. அதை மேற்கொள்வது அரசியல் முடிவு.

இரண்டாவது தடை, பள்ளியின் நிலை. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் ஆண்டுத் தரவுகளின்படியே நாட்டின் பள்ளிகளில் 64.7 சதவீதத்தில்தான் கணினி வசதி இருக்கிறது. இணைய இணைப்பு உள்ளவை 63.5 சதவீதம். ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகள் 1 லட்சத்திற்கும் மேல். அந்த ஒரே ஆசிரியர் வருகைப் பதிவேட்டையும் சத்துணவுக் கணக்கையும் தேர்தல் பணியையும் பார்த்துவிட்டு, எந்த நேரத்தில் சென்சாரைத் தொடுவார்?

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான் 'அடல் டிங்கரிங் ஆய்வகங்கள்' என்கிறது ஒன்றிய அரசு. நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய இத்திட்டத்தில், தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டுமானால் சமவெளிப் பகுதிப் பள்ளியில் 1,500 சதுர அடிக் கட்டடம் இருக்க வேண்டும். கணினியும் இணையமும் தடையில்லா மின்சாரமும் இருக்க வேண்டும் என்பன விதிகள். தனியார் பள்ளிகளும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே உள்ளவனுக்கு மேலும் கிடைக்கும். இல்லாதவனுக்கு விண்ணப்பிக்கும் தகுதியே கிடையாது. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. எனினும், ஆய்வகம் என்பது பூட்டிய அலமாரி அன்று. அதை இயக்குவதற்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் மாதம் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பணம் வீண்.

கேரளத்தின் பட்டறிவு

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குக் கேரளம் விடை சொல்லியிருக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், காலப்போக்கில் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. பள்ளிகள் பன்னாட்டு நிறுவனத்திற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அத்திட்டத்தின் தொடர்ச்சியான 'கைட்' என்ற அரசு நிறுவனம் 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் குழுக்களை உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்தது. 2022 டிசம்பரில், இடது ஜனநாயக முன்னணி அரசு ஆர்டுயினோ வகைப்பட்ட 9,000 ரோபோ பெட்டிகளை 2,000 பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. 2025-26ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4.3 லட்சம் பேருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாக்கப்பட்டது. கையை நீட்டியதும் கிருமிநாசினியைச் சொரியும் கருவி, முகத்தை அறிந்து திறக்கும் கதவு என்று குழந்தைகள் வகுப்பறையிலேயே செய்து பார்க்கின்றனர்.

இங்கே வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பள்ளியில் திறமைசாலிகள் மூவரைப் பொறுக்கியெடுத்துப் போட்டிக்கு அனுப்புவது ஒரு முறை. வகுப்பு முழுவதற்கும் கற்பித்து, அந்த அகன்ற அடித்தளத்திலிருந்து அணிகளை எழச் செய்வது மற்றொரு முறை. முதலாவதில் தேர்வாகாத குழந்தை, தனக்கு மூளை இல்லை என்று நம்பத் தொடங்குகிறது. இரண்டாவதில் தோற்ற அணியும் கற்றவர்களாகவே வீடு திரும்புகிறது. நாம் போட்டிக்கு எதிரிகள் அல்லர். அடித்தளம் இல்லாத கோபுரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

மொழி என்னும் மூன்றாவது தடை

மொழிபெயர்ப்பையே வாழ்நாள் பணியாகக் கொண்டவன் என்ற முறையில் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னாட்டுப் போட்டிகளின் விதிநூல்கள் பல பக்க அளவிலான ஆங்கில ஆவணங்கள். ஒரு சொற்றொடரைத் தவறாகப் புரிந்துகொண்டால் அணி புள்ளிகளை இழக்கிறது. நடுவர்கள் முன்னிலையில் தம் வடிவமைப்பை விளக்கும்போதும் ஆங்கிலம் சரளமாக வரும் குழந்தைக்குத்தான் துணிவு வருகிறது. தாய்மொழிவழிக் குழந்தைக்கு அறிவு இருக்கிறது. அந்த அறிவை வெளியிடும் மொழிக்குத்தான் அரங்கில் அனுமதி இல்லை.

இதுவும் தீர்க்க இயலாத சிக்கல் அன்று. 1993 முதல் நடைபெற்று வந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து முதல் பதினேழு வயதுக் குழந்தைகள் தத்தம் தாய்மொழியில் ஆய்வுகளை முன்வைத்தனர். மக்கள் அறிவியல் இயக்கங்கள் அதற்காக ஊர் ஊராக உழைத்தன. கேரளத்தின் கணினிப் பாடநூல்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழி பயிலும் குழந்தை ரோபோட்டிக்ஸைத் தன் மொழியிலேயே படிக்கிறது. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் இயற்பியலையும் கணிதத்தையும் தமிழில் அச்சிட்டு மலிவு விலையில் அனுப்பிய காலத்தை நம் தலைமுறை மறக்கவில்லை. அந்நிய நாடு ஒன்றால் இயன்றது, 'தாய்மொழிக் கல்வி' என்று கொள்கை ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் ஒன்றிய அரசால் ஏன் இயலவில்லை?

இயந்திரம் யாருக்காக?

ரோபோ வந்தால் தொழிலாளி வேலை இழக்கிறான். அவன் பிள்ளை ஏன் ரோபோ செய்யக் கற்க வேண்டும் என்ற கேள்வியும் கூட்டங்களில் எழுகிறது. நியாயமான அச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். இயந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் விதம் வேறு என்று பிரித்தறியத் தொழிலாளி வர்க்கத்திற்குக் காலமும் பட்டறிவும் தேவைப்பட்டன என்று 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். நாம் அந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் செல்ல முடியாது.

'ரோபோ' என்ற சொல்லின் வரலாறே இதைச் சொல்கிறது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக வந்தது. செக் மொழியில் 'ரொபோத்தா' என்பது பண்ணையடிமை தன் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு. அதற்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது கூலியற்ற கட்டாய வேலை. நிஜாம் ஆட்சியில் அதே சொல் 'வெட்டி சாகிரி' என்று வழங்கியது. அந்தக் கொடுமையை எதிர்த்தே 1946 முதல் 1951 வரை தெலங்கானா உழவர்கள் ஆயுதம் ஏந்திப் போராடினார்கள். வெட்டி உழைப்பிலிருந்து மனிதனை விடுவிக்க ரோபோ பயன்பட வேண்டும். மனிதனை வெட்டியாக்கித் தெருவில் நிறுத்த அன்று.

அதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. மனிதர்கள் மலக்குழியில் இறங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்த பின்பும் சாவுகள் ஓயவில்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடைத் தூய்மைப் பணியில் இறங்கியது. குழந்தைகளின் போட்டிக்குக் கருப்பொருளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது முக்கியமாவது இதனால்தான். தூய்மைப் பணியாளரின் மகள் ஓர் அணியில் இருந்தால், எந்தச் சிக்கலுக்கு முதலில் ரோபோ வேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. தோழர்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அக்குழுக்களில் இடம்பெற வேண்டும். ஒன்றிய அரசு அறிவித்த 50,000 ஆய்வகங்களில் நம் பகுதிக்கு வந்தவை எத்தனை, அவற்றில் திறந்திருப்பவை எத்தனை, பெண் குழந்தைகளும் தலித், பழங்குடிக் குழந்தைகளும் அங்கே கருவிகளைத் தொடுகிறார்களா என்று கேட்க வேண்டும். நிரந்தர ஆசிரியர், திறந்த வடிவமைப்பு கொண்ட மலிவான கருவிகள், தாய்மொழியில் விதிநூலும் பாடநூலும், போட்டிக்குச் செல்லும் அரசுப் பள்ளி அணிக்கு முழுச் செலவு ஆகிய நான்கு கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர் அமைப்புகளுடன் இணைந்து எழுப்ப வேண்டும். பொறியியல் படித்த இளந்தோழர்கள் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குத் தர வேண்டும். ஆசிரியர் நியமனத்துக்கு அது மாற்று ஆகாது. எனினும், அலமாரியின் பூட்டைத் திறக்க அது போதும்.

அறிவியலைக் கற்கும் வாய்ப்பு சந்தையில் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கும் வரை, ரோபோ மேசையைச் சுற்றி அதே முகங்களே நிற்கும். அந்த மேசையை ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் கொண்டு செல்வது பொதுக்கல்விக்கான நம் போராட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாகும்.