தர்மத்தின் பெயரால் சூதாட்டமா?

ஏழைக்கு உதவத்தான் என்று சொல்லிவிட்டால் சூதாட்டம் தர்மமாகிவிடுமா?

'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கத்தோடு 1968ல் அண்ணாவின் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 1975ல் கலைஞர் அரசு நிறுத்தியது. 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது.

கேரள அரசோ 1967ல் தொடங்கியதை இன்றும் நடத்துகிறது. 2011ல் 'காருண்யா' என்றே ஒரு சீட்டுக்குப் பெயர் வைத்து, அதன் லாபத்தை ஏழைகளின் வைத்தியத்துக்கு ஒதுக்கியது. 'நல்ல காரியம்தானே, இங்கும் நடத்தினால் என்ன?' என்று கேட்போர் நம்மிலும் உண்டு.

அந்தப் பணம் யாருடையது? கொல்லிமலை திருப்புலி நாட்டில் மிளகு பறிக்கும் கூலியாளை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டு நோயாளிக்கு வைத்தியம் செய்ய, அவரைப் போன்ற ஆயிரம் பேரின் கூலியைக் கறப்பது என்ன தர்மம்? லாட்டரி இல்லாமலேயே தமிழகத்தில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கவில்லையா?

'அரசு கட்டுப்படுத்துகிறதே!' என்பார்கள். 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம் ஒற்றை இலக்கச் சீட்டைத் தடுக்கிறது. விற்பனைப் பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும் என்கிறது. இதனால் ஏஜெண்டின் மோசடி குறையலாம். வாங்குகிறவரின் நஷ்டம் குறையுமா? பலர் தோற்றால்தானே ஒருவருக்குப் பரிசு, அரசுக்கு லாபம்!

அறியாமைக் கால அரபிகள் அம்பு எறிந்து ஒட்டக இறைச்சிக்குச் சூதாடினார்கள். வென்றவர்கள் அதை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசினார்கள். அதுவும் 'தர்ம'ச் சூதாட்டம்தான்! அதில் பயன் உண்டு என்பதை அல்குர்ஆன் (2:219) மறுக்கவில்லை. பாவமே பெரிது என்றது. பின்னர் (5:90) முற்றாகத் தடுத்தது.

வியாபாரிகளே! சரக்கு வாங்குவோருக்குக் கூப்பன் கொடுத்துக் குலுக்கல் நடத்துகிறீர்களா? பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் 1979ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் மீது அக்கறை இருந்தால் விலையைக் குறையுங்கள்.

இளைஞர்களே! மதரஸா கட்டிடத்துக்கு, மருத்துவ உதவிக்கு என்று குலுக்கல் சீட்டு அச்சடிக்காதீர்கள். துண்டை விரித்துக் கேளுங்கள், ரசீது கொடுங்கள், வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் பலகையில் ஒட்டுங்கள். தமிழகத்தில் லாட்டரியைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கட்சி முயன்றாலும் முதல் எதிர்ப்புக் குரல் நம்முடையதாக இருக்கட்டும். ஆனால் அதற்கு முன் நம் கையில் சீட்டு இருக்கக் கூடாது!