எழுத்தறிவா? கிளிப்பேச்சா?

சென்னைக் கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் ஔவை சண்முகம் சாலை, நாடக மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற தி. க. சண்முகனாரின் பெயர் தாங்கியது. அச்சாலை வழியே நாள்தோறும் பள்ளி செல்லும் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் ஔவையின் ஆத்திசூடியைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லார்? "எங்கள் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பெற்றோரும் உளர். நாணவேண்டியதைப் பெருமையாகக் கொள்வது அடிமைத்தனத்தின் கடைசிப் படியன்றோ?

படித்தல் என்பது யாது? எழுத்தை ஒலியாக்குதல் ஒரு பாதி. ஒலியைப் பொருளாக்குதல் மறுபாதி. 'பம்பரம்' என்னும் சொல்லை முதன்முறை காணும் குழந்தை ஒவ்வோரெழுத்தாய்க் கூட்டுகிறது. முதற்பகரம் வன்மையாகவும், மகரமெய்யை அடுத்த பகரம் மென்மையாகவும் ஒலிக்கவேண்டுமென அதற்கு எவரும் இலக்கணம் கூறுவதில்லை. கேட்டுப் பழகிய செவி நாவைத் திருத்துகிறது; ஆடிப் பழகிய கை பொருளைத் தருகிறது. அந்நொடியே முகம் மலர்கிறது. அம்மலர்ச்சியே படிப்பின் பிறப்பு!

ஆங்கிலத்திலோ 'பட்' எனவும் 'புட்' எனவும் ஒலிக்கும் இரு சொற்களில் நடுவெழுத்து ஒன்றே, ஒலி இரண்டு. வீட்டில் அம்மொழி கேளாத குழந்தைக்குச் செவியும் துணையில்லை, பொருளும் துணையில்லை. ஆகவே அது நெட்டுருச் செய்கிறது. பக்கம் பக்கமாய் ஒப்பிக்கும். பொருள் கேட்டால் விழிக்கும். இதனைப் படிப்பென்பது கிளியைப் புலவன் என்பது போலும்!

தாய்மொழியே குழந்தைக்குத் தலைசிறந்த பயிற்றுமொழி என யுனெசுகோ 1953இலேயே எடுத்துரைத்தது. அதற்கும் முன்பே நம் திண்ணைப்பள்ளியின் திறம் கடல் கடந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைக் கைக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளையே கற்பிக்கும் முறையோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியைக் கற்பிக்க நம் மணலை எடுத்துக்கொண்டனர். நாமோ நம் மொழியையே மண்ணில் வீசினோம்!

கோபாலபுரத்தில் வாழ்ந்த கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த 2006இல், முதல் வகுப்புத் தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், தமிழைப் படிப்பது வேறு. தமிழில் படிப்பது வேறு. வீட்டுத் தலைவியைத் திண்ணையில் அமர்த்திவிட்டு, இடம் தந்தோம் என்பது எவ்வகை நேர்மை?

"ஆங்கிலம் வேண்டாவா?" என்பர். வேண்டும்; ஆனால் வேர்விட்ட பின்னரே கிளை வேண்டும். ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கக் கற்ற பிள்ளை, அத்திறனை எம்மொழிக்கும் கொண்டுசெல்லும். எம்மொழியிலும் பொருளுணராப் பிள்ளைக்கு ஏது கல்வி?

தமிழ்ப் பெற்றோரே! இன்றிரவே பிள்ளையிடம் தமிழ்க் கதை நூலொன்றைக் கொடுங்கள். ஒரு பக்கம் படிக்கச் செய்து பொருள் கேளுங்கள். அது தடுமாறினால், தவறு பிள்ளையுடையதன்று. அதன் நாவிலிருந்த மொழியைக் கண்ணுக்குக் காட்டாத நம்முடையதே. அத்தவற்றை இன்றே திருத்துக!